கணையம் கற்றுத் தந்த பணிவு



கணையம் என்றாலே சர்ஜன்களுக்கு ஒரு பயம் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. உணவைச் செரிக்கும் நீர் அங்கேதான் சுரக்கிறது. அடிபட்டு அது வயிற்றுக்குள் கசிந்தால் நம் திசுக்களையே அரிக்கத் தொடங்கிவிடும். பக்கத்திலேயே டியோடினம், பித்தநாளம், பெரிய ரத்தக் குழாய்கள். ஒன்று அடிபட்டால் மற்றது சும்மா இருக்குமா?

1827-இல் லண்டனில் டிராவர்ஸ் பதிவு செய்ததுதான் கணையக் காயத்தின் முதல் வரலாறு. குதிரை வண்டிச் சக்கரம் மோதிய ஒரு பெண். கணையம் இரண்டாகப் பிளந்திருந்தது. சில மணி நேரத்தில் இறந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில்தான் விஷயம் தெரிந்தது.

வழி பிறக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1903-இல் பெர்ன் நகரின் கோக்கர், டியோடினத்தை விடுவித்து முன்னே புரட்டும் முறையை விளக்கினார். ஒளிந்திருந்த பின்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது. 1908-இல் கிளாஸ்கோவின் பிரிங்கிள், கல்லீரலுக்குப் போகும் குழாய்களை விரலால் நெரித்தே ரத்தப்போக்கை நிறுத்தலாம் என்று காட்டினார்.

1935-இல் நியூயார்க்கில் விப்பிள், புற்றுநோய்க்காகக் கணையத் தலையையும் டியோடினத்தையும் அகற்றும் முறையை வெளியிட்டார். 1960-களில் அதையே விபத்து நோயாளிகளுக்கும் செய்து பார்த்தார்கள். ஆனால் நோயில்லாத கணையம் மிருதுவானது, பித்தநாளமோ மெல்லியது. தையல் நிற்பது கஷ்டம். போதாததற்கு நோயாளி ஏற்கெனவே ரத்தம் இழந்து சில்லிட்டுக் கிடப்பார்.

மாற்று வழிகள் வந்தன. 1968-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெர்ன் என்ற சர்ஜனும் சகாக்களும், இரைப்பையின் அடிப்பகுதியை நீக்கி, உணவை டியோடினம் பக்கமே போகாமல் திருப்பிவிட்டார்கள். 1977-இல் ஹூஸ்டன் குழு அதையும் எளிதாக்கியது: பைலோரஸைத் தைத்து மூடினால் போதும், சில வாரங்களில் தானே திறந்துகொள்ளும். 2000-க்குப் பிறகு வந்த ஆய்வுகளோ, பெரும்பாலான டியோடினக் காயங்களுக்கு அதுவும் வேண்டாம், நேராகத் தைத்தாலே போதும் என்றன!

இதற்கிடையே 1983-இல் அட்லாண்டாவில் ஸ்டோன் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். ரத்தம் உறையாத நோயாளிக்கு ஆபரேஷனைப் பாதியிலேயே நிறுத்தி, வயிற்றில் துணிகளை வைத்து அடைத்து, உடல் தேறியபின் மறுபடி திறந்தார். 1993-இல் பிலடெல்பியாவின் ரொடோண்டோ குழு அதற்கு 'டேமேஜ் கண்ட்ரோல்' என்ற பெயரைப் பரவலாக்கியது. ஓட்டை விழுந்த கப்பலை முதலில் மிதக்க வைத்துத் துறைமுகம் சேர்க்கும் கடற்படை வித்தை அது. அறுந்த பித்தநாளத்தையும் அன்றைக்கே குடலோடு இணைக்க வேண்டியதில்லை. குழாய் வைத்துப் பித்தத்தை வெளியேற்றிவிட்டுக் காத்திருக்கலாம்.

ஆக, பெரிதாக வெட்டி எடுப்பதில் தொடங்கிய வீரம், தேவையானதை மட்டும் செய்யும் பக்குவத்துக்கு வந்திருக்கிறது. இன்று முதல் கேள்வியே, 'கணைய நாளம் அறுந்திருக்கிறதா?' என்பதுதான். அறுபடவில்லை என்றால் பெரும்பாலும் டிரெயின் போதும், சிறு காயத்துக்கு அதுவும் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பையன் நாளை உங்கள் டியூட்டியில் வருவான். முதல் அமிலேஸ் நார்மலாக இருக்கலாம். முதல் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கணையக் காயத்தில் உயிரைப் பறிப்பது பல நேரம் காயம் அல்ல, தாமதம்தான்.