பத்தி எழுத்தின் வாதநடை

நடப்பு விவகாரங்களைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை எழுதும் பத்திரிகை ஆசிரியர்கள், வாசகரை இணங்கச் செய்யக் கையாளும் உபாயங்களின் தொகுதி. சென்னையின் காட்டுப்பாக்கம் போன்ற புறநகரில் நீர்நிலை குறுகுவதைக் கண்டிக்கும் பத்தியொன்று 'ஏரி ஆக்கிரமிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் கூறி, ஆக்கிரமித்தவரை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடுவது இவற்றுள் சர்வசாதாரணமானது.

தமிழில், 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய 'சுதேசமித்திரன்' காலந்தொட்டே இந்நடை வளர்ந்து வந்திருக்கிறது. 1944 முதல் 1987 வரை 'தினமணி'யின் ஆசிரியராயிருந்த ஏ. என். சிவராமன், 'கணக்கன்' என்ற புனைபெயருக்கேற்பப் புள்ளிவிவரங்களைப் படிப்படியாக அடுக்கிச் சென்று, முடிவை வாசகர் தாமே கண்டடைந்தாற்போன்ற பிரமையை உண்டாக்குவார். எதிர்வாதம் செய்ய முற்படுவோரை, நம் கருத்தில், மிகவும் திணறடிக்கக்கூடிய சாதுரியம் இதுவே. 'திராவிட நாடு' இதழில் 'தம்பிக்கு' என்று கடிதமெழுதிய அண்ணாவும், 'முரசொலி'யில் 'உடன்பிறப்பே' என்றழைத்த கருணாநிதியும், வாதம் தொடங்குமுன்பே உறவை ஸ்தாபித்துவிட்டபடியால், சான்று கேட்கும் மனோபாவம் வாசகரிடம் அப்போதே தளர்ந்துவிடும். 1970-இல் தோன்றிய 'துக்ளக்' இதழில் சோ, எதிராளியின் வாதத்தை ஏற்பதுபோல் பாவனை செய்து, அதனைப் பரிகாசத்துக்குரிய எல்லை வரை நீட்டிக் காட்டினார். கேள்வி-பதில் பகுதி இதற்கு மிகவும் வசதியாக அமைந்தது, ஏனெனில் அங்கே நீண்ட நிரூபணத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை.