மறுபடியும் முதல் வகுப்பில்



ஜெலாப்பாங் சுற்றுவட்டாரத்தில் கித்தாக் காடுகள் நிறைந்திருந்த காலத்தில், காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குள் நுழையும் வேளையில், கிளேடாங் மலைப் பக்கம் ஆகாய விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனால், வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்களாம். என் தாயார் இதைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். “அதை ஓட்டுவது யார் என்று நீங்கள் யோசித்ததுண்டா?” என்று ஒருமுறை கேட்டேன். “துரைதான் ஓட்டுவான், வேறு யார்?” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளவில்லை.

அவர் சொன்னதில் தவறும் இல்லை. போருக்கு முன்பே ஈப்போவில் பேராக் விமானக் கழகம் என்று ஒன்று இருந்தது. அதில் பறக்கப் பழகியவர்கள் பெரும்பாலும் துரைமார்களும் கையில் பணம் புரண்டவர்களுமே. நம்மவர்களுக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது.

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். நான் வேலைக்கு வந்த புதிதில் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். தாய் பால்வெட்டித் தொழிலாளி. தந்தை லாரி ஓட்டியவர். பள்ளி முடித்ததும் இராணுவத்தில் சேர்ந்து, பதினைந்து ஆண்டுகள் வாகனம் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு இப்போது விலகி வந்திருக்கிறான். வயது முப்பத்து நான்கு. காப்பி குடித்து முடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சார், இந்த வயசுல பிளேன் ஓட்டக் கத்துக்கலாமா? பைலட் ஸ்கூல்ல சேர்த்துக்குவாங்களா? யாராவது அப்படிச் சேர்ந்திருக்காங்களா?” என்று கேட்டான்.

மூன்று கேள்விகள். கடைசிக் கேள்விக்குத்தான் சரித்திர ஆசிரியனான என்னிடம் நல்ல பதில் இருந்தது. அதை அவனுக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

1943ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அதன் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த கதை உங்கள் வீடுகளிலேயே பேசப்பட்ட கதைதான். தேசப்பற்றினால் சேர்ந்தவர்கள் பலர். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் தப்பவேண்டும் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அதைச் சொல்வதால் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையிலிருந்து திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதை நம் பாட்டிமார்கள் அறிவார்கள். நம் ஈப்போவிலிருந்தும் ராசம்மா என்ற இளம்பெண், பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று நாடறிந்த கல்வியாளர், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்.

தரைப்படை மட்டும் இருந்தால் போதாது, வருங்கால சுதந்திர இந்தியாவுக்கு நவீன முறையில் பயின்ற அதிகாரிகளும் விமானிகளும் வேண்டும் என்று நேதாஜி எண்ணினார். அதற்காக மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த இந்திய இளைஞர்களில் ஏறத்தாழ நாற்பத்தைந்து பேரைத் தேர்ந்தெடுத்து ஜப்பானுக்கு அனுப்பிவைத்தார். இவர்களைத் தோக்கியோ மாணவர்கள் என்று வரலாற்றில் குறிப்பிடுவார்கள். பெரும்பாலோர் தரைப்படைக் கல்லூரிக்குப் போனார்கள். ஒரு சிறு பகுதியினர் விமானப்படைக் கல்லூரியில் சேர்ந்தார்கள்.

எல்லாரும் பதின்ம வயதைத் தாண்டியும் தாண்டாததுமான வாலிபர்கள். தேர்வில் பள்ளிப் படிப்புக்கு மதிப்பு இருந்தது. இந்த இடத்தில் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அக்காலத் தோட்டப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் நாலைந்து வகுப்போடு நின்று வெளிக்காட்டு வேலைக்குப் போனார்கள். துப்பாக்கி பிடிக்க அந்தப் படிப்பு போதுமாக இருந்தது, விமானத்துக்குப் போதவில்லை.

ஜப்பானுக்குப் போன கடல்வழி எளிதானதல்ல. 1944இல் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள் ஜப்பானியக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. போய்ச் சேர்ந்தவர்களுக்கு முதல் பாடம் விமானம் அல்ல, ஜப்பானிய மொழி. அதன் பிறகுதான் கணக்கும் அறிவியலும் அணிவகுப்பும். 1944ஆம் ஆண்டின் இறுதியில் நேதாஜி தோக்கியோ சென்றபோது இந்த மாணவர்களைச் சந்தித்தார்.

ஆனால் அவர்கள் போன நேரம் ஜப்பானின் இறங்குமுகம். விமானம் பறக்க எண்ணெய் வேண்டும். எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. கடைசியில் ஜப்பானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? நாடெங்கும் பைன் மர வேர்களைத் தோண்டி, காய்ச்சி, அதிலிருந்து விமான எண்ணெய் எடுக்கப் பார்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை வேர் தோண்டினார்கள். மரத்திலிருந்து பால் எடுத்துப் பிழைத்த நமக்கு அந்தக் கஷ்டம் புரியும்: எத்தனை மரம் வெட்டினால் ஒரு வாளி நிறையும் என்று. அந்த எண்ணெயால் விமானப்படையைக் காப்பாற்ற முடியவில்லை. 1945 மார்ச் மாதம் ஒரே இரவு நடந்த குண்டுவீச்சில் தோக்கியோவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தது. மூன்று நாள் கழித்து, 18ஆம் தேதி, தைவானில் நடந்த விமான விபத்தில் நேதாஜி காலமானார். அனுப்பியவர் இல்லை, ஆதரித்த நாடு தோற்றது, படித்த படிப்பு பாதியில் நின்றது. விமானி ஆகப் புறப்பட்ட பிள்ளைகள் தோற்ற படையின் ஆட்களாக நின்றார்கள்.

அவர்களில் ஒருவர் பெயர் ரமேஷ் சக்காராம் பெனகல். தமிழர் அல்லர், கொங்கணி மொழிக் குடும்பத்தவர். 1926இல் ரங்கூனில் பிறந்தவர். அவரும் நம்மைப் போலக் கடல் கடந்து பிழைக்க வந்த இந்தியர்களின் பிள்ளைதான். பர்மாவில் போர் மூண்டபோது பதினைந்து வயது. பிறகு நேதாஜியின் படையில் சேர்ந்து, தோக்கியோ மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜப்பானில் விமானப்படைப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்.

இந்தியா திரும்பியபோது அவர் கையில் என்ன இருந்தது? ஆங்கிலேய அரசின் கண்ணில் அவர் எதிரிப் படையைச் சேர்ந்தவர். ஜப்பானில் படித்ததற்கு இந்தியாவில் மதிப்பெண் கிடையாது. சுதந்திரம் வந்த பிறகும்கூட, இந்திய தேசிய இராணுவத்துக்குப் போன பழைய சிப்பாய்களைப் புதிய இந்தியா தன் படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களை வாழ்த்தினார்கள், மாலை போட்டார்கள். பழைய சீருடையை மட்டும் திருப்பித் தரவில்லை. ஆனால் பெனகல் ஆங்கிலேயரின் இந்தியப் படையில் முன்பு இருந்தவர் அல்லர்; வெளியிலிருந்து வந்த தொண்டர். அதனால் திரும்பச் சேர்ப்பதா என்ற கேள்வி அவர் விஷயத்தில் எழவில்லை என்று நான் கருதுகிறேன். அவர் இந்திய விமானப்படையில் சேர்ந்து விமானி ஆனார்.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலேயரை விரட்ட ஜப்பானியரிடம் பறக்கப் படிக்கச் சென்றவர், ஆங்கிலேயர் 1932இல் தொடங்கிவைத்த விமானப்படையில், அவர்களுடைய முறையிலேயே மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து படிக்கவேண்டியதாயிற்று. போரைப் பார்த்தவர், கடலில் உயிர் பிழைத்தவர், குண்டு விழும் நகரத்தில் படித்தவர். “எனக்கு எல்லாம் தெரியும்” என்று சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் வந்தபோது அவர் விங் கமாண்டர் பதவியில் 106ஆம் அணியின் தலைவராக இருந்தார். அந்த அணியின் கான்பெரா விமானங்கள் குண்டு போடுபவை அல்ல, புகைப்படம் எடுப்பவை. எதிரி எங்கே விமானத்தை நிறுத்தியிருக்கிறான், எங்கே பாலம், எங்கே படை என்று பறந்து போய்ப் படம் பிடித்து வருவது அவர்கள் வேலை. திருப்பிச் சுட ஆயுதம் இல்லாத விமானத்தில், பலத்த பாதுகாப்புள்ள இடங்களின் மேலே போய்த் திரும்பவேண்டும். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. ஏறத்தாழ என் வயது. படியேறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. அவருக்கு அந்தப் போரில் காட்டிய துணிச்சலுக்காக மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்கு இந்தியா தரும் விருதுகளில் இரண்டாவது பெரிய விருது அது. ஏர் கமடோராக ஓய்வு பெற்று, 2003இல் காலமானார். இளமைக் காலத்தைப் பற்றி அவர் எழுதிவைத்த நூல் 2009இல் வெளிவந்தது.

இதைக் கேட்டு என் மாணவன் சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு, “அவருக்கு யார் சார் பணம் கட்டினா?” என்றான். நல்ல கேள்வி. விமானப்படை தன் ஆளுக்குத் தானே செலவு செய்து கற்பிக்கும். சேவையை முடித்துவிட்டு வெளியே வந்தவன் விமானப் பள்ளியில் சேர்ந்தால் லட்சக்கணக்கான வெள்ளியைத் தானே கட்டவேண்டும்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22ஆம் தேதி, திரும்பி வரும் வீரர்களுக்கென்று அங்கே ஒரு சட்டம் கையெழுத்தானது. கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசு கட்டும். கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், குடும்பத்தை நடத்தவேண்டியவனுக்கு 75. ஏறத்தாழ 78 லட்சம் பேர் இந்தச் சட்டத்தால் படித்தார்கள் அல்லது தொழில் கற்றார்கள். சிப்பாயாக நடந்தவன், சமையல் கூடத்தில் இருந்தவன், பீரங்கி இழுத்தவன் என்று பலரும் விமானப் பள்ளிகளில் பெயர் பதிந்தார்கள். சிலர் பொழுதுபோக்குக்காகவே பறக்கிறார்கள் என்று குறை எழுந்ததால் 1948இல் அதற்குக் கட்டுப்பாடு வந்தது. தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்த உதவி சரிவரப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை. இன்றும் அந்நாட்டில் ஓய்வு பெற்ற வீரர்களுக்கு விமானப் பயிற்சி உதவி உண்டு. ஆனால் தொழில்முறைப் பள்ளியில் அந்த உதவியைப் பெறவேண்டுமானால், முதல் படியான தனியார் உரிமத்தை முன்னதாகவே வாங்கியிருக்கவேண்டும்.

நம் தோட்டத்துக்குத் திரும்பி வந்த இந்திய தேசிய இராணுவ வீரர்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இருக்கவில்லை. பழைய லயம், பழைய நிரை, பழைய கத்தி. சேவையில் கற்ற ஒழுங்கைச் சிலர் வீணாக விடவில்லை. கெடாவில் பீடோங் பக்கம் ஏ. எம். சாமி நடத்திய தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்றதே, அதில் அந்தப் படையின் பாதிப்பு இருந்தது. என் தாத்தாவின் லயத்தில் ஒருவர் இருந்தாராம். பிள்ளைகளைக் கூட்டி மாலையில் அணிவகுப்புப் பழக்குவாராம். விடிந்தால் அவருக்கும் மற்றவர்களைப் போலவே மூன்னூற்றுச் சொச்சம் மரம். அவருக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட யாரும் வரவில்லை. என் மாணவனின் கேள்வியைக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் விசாரித்துப் பதில் சொன்னேன். வயது தடையில்லை. உலக விதிப்படி தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 17 வயது, தொழில் உரிமத்துக்கு 18. இருவர் சேர்ந்து ஓட்டும் பயணிகள் விமானத்தில் அனைத்துலகச் சேவையில் 65 வயது வரை ஓட்டலாம். தனியார் உரிமத்துக்கு 40 மணி நேரம் பறக்கவேண்டும். தொழில் உரிமத்துக்கு 200 மணி நேரம், அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியாக இருந்தால் 150. பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம். ஆங்கிலமும் கணக்கும் பௌதிகமும் வேண்டும். வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று எழுத்துத் தேர்வுகள் உண்டு. பதினைந்து ஆண்டு இயந்திரத்தோடு பழகியவன் என்பதால் இயந்திரப் பாடம் அவனுக்கு எளிதாக இருக்கும். ஆனால் அதற்காகப் பறக்கும் மணி நேரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவச் சோதனை. கண்ணாடி போட்டவரும் விமானி ஆகலாம். நிறக்குருடு இருந்தால்தான் சிக்கல். புள்ளிகளால் ஆன படத்துக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடித்து அழுதவர்கள் உண்டு. அதனால், “எந்தப் பள்ளிக்கும் ஒரு காசு கட்டாதே, முதலில் கண்ணைக் காட்டு” என்றேன்.

“அப்புறம் சார், அந்தக் கணக்கு?” என்றான் தயக்கத்தோடு. ஐந்தாம் படிவத்தில் அவனுக்குக் கணக்கில் சுமாரான மதிப்பெண்தான்.

அடுத்த வாரம் ஈப்போவில் அவனுக்குக் கண் சோதனை. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு ஐந்தாம் படிவப் பையன் இருவரும் கூட வந்து உட்காருகிறார்கள். தசமத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.