தொழிலாளியின் அனுபவம் விதியான வரலாறு

இயந்திரங்களுக்கு அறிவூட்டும் முயற்சியின் வரலாற்றிலே ஒரு முக்கிய திருப்பம், ஆய்வுகூடமொன்றின் சிறிய நீராவி எந்திரத்தருகே நிகழ்ந்தது.

பாகு நகரில் 1921இல் பிறந்து, அமெரிக்காவின் பேர்க்லியில் பணியாற்றிய பேராசிரியர் லொத்ஃபி சாதே, 1965இல் ‘ஃபஸி கணங்கள்’ என்ற கோட்பாட்டை வெளியிட்டார். ‘சூடு’, ‘மிகச் சூடு’ என்பவற்றுக்கிடையே திட்டவட்டமான எல்லைக்கோடு இல்லை. ஒன்று ஒரு வகைக்குள் ஓரளவு மட்டும் அடங்கலாம் என்பதே அதன் சாரம். துல்லியத்தையே போற்றிய பொறியியல் உலகில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கட்டுப்பாட்டியல் மேதை ருடொல்ஃப் கால்மன் 1972இல் இதனை வெளிப்படையாகவே சாடினார்.

கோட்பாட்டைச் செயலில் காட்டியவர் எப்ராஹிம் மம்தானி. தன்சானியாவில் பிறந்து இந்தியாவின் புனேயில் பொறியியல் கற்ற அவர், இலண்டன் குயீன் மேரி கல்லூரியில் தம் மாணவர் அசிலியனுடன் இணைந்து நீராவி எந்திரமொன்றைக் கட்டுப்படுத்த முனைந்தார். எந்திரத்தின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக வடிப்பதற்குப் பதிலாக, ‘அழுத்தம் மிகக் குறைந்தால் வெப்பத்தை நன்கு கூட்டு’ என்றவாறு, அனுபவசாலி ஒருவர் பேசும் மொழியையே அவர்கள் விதிகளாக்கினர். கணினி அவ்விதிகளின்படி எந்திரத்தைச் செம்மையாக இயக்கியது. ஆய்வு முடிவுகள் 1974, 1975ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

அடுத்து டென்மார்க்கின் பொறியியலாளர்கள் இம்முறையைச் சீமெந்துச் சூளைக்குக் கொண்டுசென்றனர். சூளையினுள் நிகழ்வதைக் கணிதத்தால் வசப்படுத்துவது கடினம். ஆனால் அதனைப் பல்லாண்டுகள் இயக்கிய தொழிலாளிக்கு எப்போது என்ன செய்வதென்று தெரியும். அந்த அறிவே விதியாயிற்று. 1987இல் யப்பானின் செண்டாய் நகரச் சுரங்கப் புகையிரதமும் இவ்வகைக் கட்டுப்பாட்டுடன் ஓடத் தொடங்கியது.

எதிர்ப்பாளர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. எந்நிலையிலும் எந்திரம் நிலைகுலையாது என்பதற்கான கணித நிரூபணம் ஆரம்பத்தில் இம்முறைக்கு இருக்கவில்லை.

மம்தானி 2010இலும் சாதே 2017இலும் மறைந்தனர். இன்று றோபோக்களையும் மின்வலையமைப்புகளையும் கட்டுப்படுத்தும் ஆய்வுகளில், தரவுகளிலிருந்து தாமே கற்கும் நரம்பியல் வலைகள் முன்னணியில் நிற்கின்றன. அவை ஒரு முடிவை ஏன் எடுத்தன என்பதை அவற்றை ஆக்கியோராலும் பல வேளைகளில் கூற முடிவதில்லை. மம்தானியின் விதியையோ சூளைத் தொழிலாளி வாசித்து, ‘இது பிழை’ எனச் சுட்டிக்காட்டலாம். மின்சாரத்தையும் மனித உயிர்களையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் காலத்தில், அந்த வாய்ப்பைக் கைவிடுவது சிறிய இழப்பன்று.