பரிசு வாங்கிய முகங்கள் எங்கே?



தொலைக்காட்சியில் ஒரு போட்டி நிகழ்ச்சி நடக்கிறது. கேள்வி கேட்கிறார்கள், மணி அடிக்கிறது, பதில் வருகிறது, கைதட்டல் எழுகிறது. பரிசைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அந்தப் போட்டி நிகழ்ச்சிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி தீயில் எரிந்து போகவில்லை, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படவும் இல்லை. "இது இனி வேண்டாம்" என்று மனிதர்கள் முடிவெடுத்து அழித்தார்கள். அப்படி அழித்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இன்று இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நாடாவின் விலை பெரிது

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில் நிகழ்ச்சிகள் நேரடியாகவே ஒளிபரப்பாகின. பாதுகாக்க வேண்டுமென்றால் தொலைக்காட்சித் திரைக்கு முன்னால் ஒரு சினிமா கேமராவை வைத்துப் படமெடுப்பார்கள். அதற்குக் கினெஸ்கோப் என்று பெயர். 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் ஒளிநாடாவில் பதிவு செய்யும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலமே 2 அங்குலம். ஒரு மணி நேரம் ஓடும் ஒரு சுருளின் விலை அப்போது சுமார் 300 அமெரிக்க டாலர்.

ஆனால் அந்த நாடாவுக்கு ஒரு வசதி இருந்தது. பதிந்ததை அழித்துவிட்டு அதன் மீதே வேறொன்றைப் பதியலாம். இந்த வசதிதான் பிறகு வினையாக முடிந்தது. நாடகமென்றால் மறு ஒளிபரப்புச் செய்யலாம், வெளிநாட்டுக்கு விற்கலாம். விடை தெரிந்துவிட்ட நேற்றைய வினாப் போட்டியை யார் மறுபடியும் பார்ப்பார்கள் என்று நிலையங்கள் கணக்குப் போட்டன. அவர்கள் கணக்கில் நாடாவின் விலை பெரிது, நிகழ்ச்சியின் விலை சிறிது.

'ஜெப்பர்டி' என்னும் வினாப் போட்டியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெர்வ் கிரிஃபின் உருவாக்கிய இந்த நிகழ்ச்சி 1964 மார்ச் 30-ஆம் நாள் அமெரிக்காவின் என்.பி.சி. நிலையத்தில் தொடங்கியது. ஆர்ட் ஃபிளெமிங் நடத்தினார். 1975 ஜனவரி வரை, பகல் நேரத்தில் 2,700-க்கும் அதிகமான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகின. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் இரண்டு டஜன்தான். பதினோரு ஆண்டுகள் மக்கள் விரும்பிப் பார்த்த ஒன்றுக்கே இந்தக் கதி.

அதே கிரிஃபின் உருவாக்கிய இன்னொரு நிகழ்ச்சி 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்'. 1975 ஜனவரி 6-ஆம் நாள் அதே நிலையத்தில் தொடங்கியது. இதன் முதல் பத்தாண்டுப் பகல் நேரப் பதிவுகளிலும் பெரும்பகுதி இன்று இல்லை. இந்த நிகழ்ச்சியின் மலேசிய வடிவம்தான் ஆஸ்ட்ரோவில் வந்த 'ரோடா இம்பியான்'. 2006 ஜூலையில் மறைந்த ஹானி மொஹ்சின் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் சிரித்தபடி நின்றதை நம் வீடுகளில் மறந்திருக்க மாட்டார்கள்.

காப்பாற்றியவர்கள் யார்?

எல்லாமே போய்விடவில்லை. 'வாட்ஸ் மை லைன்' என்றொரு போட்டி 1950 முதல் 1967 வரை சி.பி.எஸ். நிலையத்தில் நடந்தது. வந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பதிவுச் சுருள்களையும் நிலையம் அழித்து வந்தது. 1952-ஆம் ஆண்டு தயாரிப்பாளர்கள் குட்சனும் டாட்மனும் இதைத் தெரிந்துகொண்டு, இனி ஆகும் செலவை நாங்களே ஏற்கிறோம் என்று முன்வந்தார்கள். அதனால்தான் அதன்பின் வந்தவற்றில் பெரும்பாலானவை இன்றும் நம் பார்வைக்குக் கிடைக்கின்றன.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சிறந்த நிகழ்ச்சி தப்பித்தது, சாதாரண நிகழ்ச்சி அழிந்தது என்று சொல்ல முடியாது. "இது என்னுடையது" என்று சொல்ல ஒருவர் இருந்த நிகழ்ச்சி தப்பித்தது.

தமிழ்ப் போட்டி நிகழ்ச்சி என்றதும் பி.எச்.அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' நம் நினைவுக்கு வரும். இலங்கை வானொலியில் பேர்பெற்ற இந்தப் போட்டி பிறகு சன் தொலைக்காட்சிக்கு வந்தது. கொடுத்த எழுத்தில் பாட்டைத் தொடங்க வேண்டும், தயங்கினால் வாய்ப்புப் போய்விடும். அதன் சில பகுதிகளை இன்று யூடியூபில் பார்க்கிறோம். வீட்டு நாடாவில் பதிந்து வைத்தவர்களுக்கு அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். அங்கே பாடியவர்களில் பலர் மேடை கண்ட பாடகர்கள் அல்லர். நம்மைப் போன்றவர்கள்தாம்.

லேடாங் மலையும் லயத்து வீடும்

இனி நம் பக்கம் வருவோம். மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978-ல் வந்தது. மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், ஆசஹான் பக்கத்துத் தோட்டங்களில் லேடாங் மலையை நோக்கி ஏரியலைத் திருப்பி வைத்துப் படம் பார்த்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்சாரம் வராத காலத்தில் கார் பேட்டரியில் பெட்டியை ஓட்டினார்கள். ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அந்த லயமே அங்கே கூடிவிடும்.

வீடியோ ரெக்கார்டர் ஜப்பானிலிருந்து உலகமெங்கும் பரவியதும் நம் வீடுகளுக்கும் வந்தது. வி.எச்.எஸ். கேசட் 1976-ல் அறிமுகமானது. அந்த நாளிலிருந்து நிலையத்துக்கு வெளியேயும் ஆவணக் காப்பகங்கள் உருவாகத் தொடங்கின. ஆனால் அவை ஆவணக் காப்பகங்கள் என்று நமக்குத் தெரியாது.

என் அத்தை ஜாசின் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பாலர்பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு தமிழ் வினாப் போட்டியில் கலந்துகொண்டார். இரண்டாவது பரிசு கிடைத்தது. மாமா அதை மூன்று மணி நேரக் கேசட்டில் பதிந்து வைத்தார். கேசட்டின் முதுகில் ஒரு சிறிய பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் யாரும் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மாமா மறக்காமல் அதை உடைத்தும் வைத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் நான் ஆசைப்பட்ட படம் வந்தது. வீட்டில் புதுக் கேசட் இல்லை. உடைந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் பதியலாம் என்று பள்ளித்தோழி சொல்லியிருந்தாள். ஒட்டினேன், பதிந்தேன். அத்தைக்குத் தெரிந்தபோது, "போனா போவுது பாப்பா, நான்தான் இங்க இருக்கேனே" என்றார்.

அத்தை இருந்தார். ஆனால் அந்த நிகழ்ச்சியில் பார்வையாளர் வரிசையை ஒருமுறை காட்டியபோது என் தாத்தாவும் அதில் தெரிந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளுக்காகக் கைதட்டினார். சில விநாடிகள்தான். தாத்தாவின் புகைப்படங்கள் எங்களிடம் உண்டு. அவர் அசைந்த படம் அது ஒன்றுதான்.

பிற்காலத்தில் இந்தத் துறைக்கு வந்து, நிலையங்கள் நாடாக்களை அழித்த கதையைப் படித்தபோது யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் போட்ட கணக்கைத்தான் பத்து வயதில் நானும் போட்டேன். முடிந்துபோன போட்டியைவிட வரப்போகும் படம் பெரிது என்று நினைத்தேன்.

ஏன் இது முக்கியம்?

சினிமா நடிகர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. செய்திப் படங்கள் அமைச்சர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. பால்வெட்டுத் தொழிலாளியின் மகள் எப்படிப் பேசினாள், பரிசாகக் கிடைத்த சோற்றுப் பானையை எப்படி வாங்கினாள், எந்தக் கேள்விக்குத் திணறினாள், எதற்கு வெட்கப்பட்டாள்? இதையெல்லாம் போட்டி நிகழ்ச்சிகளில்தான் பார்க்க முடியும். அங்கே சாதாரண மனிதர்கள் தங்கள் சொந்தப் பெயரோடும் ஊரோடும் திரைக்கு வருகிறார்கள்.

மலாக்காவிலும் மற்ற மாநிலங்களிலும் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போனவை பழைய கேசட்டுகள்தாம். தோட்டமே இல்லாத நிலையில், "நான் இன்ன தோட்டத்திலிருந்து வருகிறேன்" என்று ஒருவர் திரையில் சொல்லும் ஒரு வரி நமக்குப் பெரிய ஆவணம் என்றால் மிகையாகாது.

இன்னும் காலம் இருக்கிறது

வீட்டில் பதிந்தவர்கள் உலகத்துக்கே உதவியிருக்கிறார்கள். பிரிட்டனின் பி.பி.சி. தனது 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய பகுதிகள் பலவற்றை அழித்துவிட்டது. ஆனால் ரசிகர்கள் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்ததால், படம் கிடைக்காத பகுதிகளின் ஒலி முழுவதும் தப்பியது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, நூலகத்தில் வேலை பார்த்தவர், 2012-ல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் தொலைக்காட்சியைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். அவர் விட்டுச் சென்றவை ஏறக்குறைய 70,000 நாடாக்கள்.

நம்மிடம் 70,000 வேண்டாம். ஆளுக்கு ஒன்று இருந்தாலும் போதும். ஆனால் தாமதிக்க முடியாது. நம் நாட்டு வெப்பமும் ஈரமும் நாடாவுக்குப் பகை, பூஞ்சணம் பிடித்துவிடும். ரெக்கார்டரைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இருக்கும் இயந்திரங்கள் பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பது அரிது.

எனவே ஒரு வேண்டுகோள். பரணிலும் அலமாரியிலும் தேடிப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் உடனே இயந்திரத்தில் போட்டு ஓட்டாதீர்கள், நாடா அறுந்துவிடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நல்ல நாடாவாக இருந்தால் கணினிக்கு மாற்றி இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1957-ல் அமைக்கப்பட்ட நமது தேசிய ஆவணக் காப்பகம் தனியார் சேகரிப்புகளையும் ஏற்கிறது. கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கேசட்டின் மேலே ஏதோ சினிமாப் படத்தின் பெயர் எழுதியிருக்கலாம். அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். படம் முடிந்த பிறகு, அழிக்காமல் விட்ட பத்து நிமிடம் இருக்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் யாருடைய தாத்தாவோ கைதட்டிக்கொண்டிருக்கலாம்.