பொலிசை போய் வட்டி வந்த கதை

மலையாளத்தில் வட்டிக்குப் ‘பலிச’ என்று பெயர். சிங்களத்தில் ‘பொலிய’. முன்னது நம் பழஞ்சொல்லோடு உடன்பிறந்தது. பின்னது நம்மிடமிருந்து போனது. அண்டை வீடுகளில் இன்றும் புழங்கும் அந்தச் சொல்லை நாம்தான் கைவிட்டோம். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் முதல், கடன் என்று பேச்செடுத்தால் பொலிசை என்றோ பலிசை என்றோ கூடவே வரும். அறத்துக்காகப் போட்டு வைத்து, வருவதை மட்டும் செலவிடும் முதலுக்குப் பொலியூட்டு என்று பெயர். இன்று இவற்றைக் கல்வெட்டு அகராதியில்தான் தேட வேண்டும்.

வேர்ச்சொல் மட்டும் சாகவில்லை. களத்தில் தூற்றிக் குவித்த நெல் பொலி. பசுவோடு சேர விடும் காளை பொலிகாளை. நெல்லும் மாடும் வைத்துப் பிழைத்தவர்கள், கொடுத்ததற்கு மேல் வருவதைப் பொலிசை என்றதில் வியப்பில்லை. விதைநெல் முளைத்துப் பெருகியது, மாடு கன்று போட்டது. அந்தப் பெருக்கத்தில் ஒரு பங்கு கொடுத்தவருக்குப் போயிற்று.

தஞ்சைப் பெரிய கோயில் சுவர்களில் இந்தக் கணக்கு விரிவாகவே இருக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலுக்கு வந்த பணத்தை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து வைத்தார்கள். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்கு 12½. நெல்லாக அளந்தால் காசுக்கு முக்குறுணி. காசுக்கு இரண்டு கலம் நெல் விற்ற காலம். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. பெருக்கிப் பார்த்தால் முக்குறுணியும் அதே அரைக்கால்தான். கோயில் கணக்கர்கள் அரிசிமணி அளவுகூடப் பிசகவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஆட்டுக் கணக்கு. கோயிலில் ஒரு விளக்கு நாள்தோறும் எரிய 96 ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். பசுவென்றால் 48, எருமையென்றால் 16. அவர் தினம் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். மந்தை முதல், நெய் அதன் பொலிசை. இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் எங்கே இருக்கிறது? ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையை நிரப்பும் பொறுப்பு இடையருடையது என்பதுதான் அதன் பொருள். நோயில் மந்தை பாதி போனாலும் உழக்கு நெய்யில் ஒரு சொட்டும் குறையக் கூடாது. பெயரில் கவிதை இருக்கிறது, ஏற்பாட்டில் கண்டிப்பு இருக்கிறது. பெருக்கம் இருவருக்கும் உண்டு. சாவு ஒருவர் தலையில் மட்டும். பழைய காலத்தைப் புகழ்பவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சரி, வட்டி எங்கிருந்து வந்தது? சங்க இலக்கியத்தில் வட்டி உண்டு, ஆனால் அது கூடை. ஐங்குறுநூற்றில் பாண்மகள் வட்டியில் மீன் கொண்டுவந்து போட்டு, அது நிறையத் தானியம் வாங்கிப் போகிறாள். அந்த வட்டிக்கும் இந்த வட்டிக்கும் ஓசை தவிர உறவில்லை. சுற்றிச் சுற்றி வருவதால் வட்டத்திலிருந்து வட்டி வந்தது என்று சொல்வோரும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். இது வடசொல் ‘விருத்தி’ பிராகிருத வழியாகத் தேய்ந்து வந்தது. தெலுங்கில் வட்டி என்றும் கன்னடத்தில் பட்டி என்றும் இதே சொல்தான் வழங்குகிறது.

நடுவழியில் அது எப்படி ஒலித்தது என்பதற்கு நாசிக் குகை ஒன்றில் கல்லிலேயே சான்று இருக்கிறது. சத்திரப மன்னன் நகபானனின் மருமகன் உசவதாதன், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன், நெசவாளர் சங்கம் ஒன்றில் 2,000 காசுகளைப் போட்டு வைத்தான். நூற்றுக்கு மாதம் ஒன்று ‘வடி’. முதலைத் திருப்பித் தர வேண்டாம், வடியை மட்டும் செலவிடலாம் என்பது நிபந்தனை. ஆண்டுக்கு 240 வரும்; குகையில் தங்கும் இருபது துறவிகளுக்குத் தலைக்குப் பன்னிரண்டு என்று ஆடைச் செலவுக்குச் சரியாகப் போகும். இன்னொரு சங்கத்தில் போட்ட ஆயிரத்துக்கு மாதம் முக்கால்தான்.

‘நூற்றுக்கு மாதம் இத்தனை’ என்ற அந்த அளவுகோல் இன்றுவரை மாறவில்லை. “ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்” என்று கடைத்தெருவில் ஒருவர் சொன்னால் ஆண்டு என்றோ விழுக்காடு என்றோ யாரும் விளக்கம் கேட்பதில்லை. கௌடில்யரின் அர்த்தசாத்திரமும் மாதத்தில்தான் பேசுகிறது: நூற்றுக்கு ஒன்றேகால் முறையானது, வணிகத்தில் ஐந்து, காட்டு வழி போவோருக்குப் பத்து, கடலோடிகளுக்கு இருபது. கப்பல் மூழ்கலாம் என்பதால் விலை ஏறுகிறது. இதில் ஒளிவுமறைவு இல்லை.

விருத்தி என்றால் வளர்ச்சி. பொலிசையும் அதுவே. மற்ற நாடுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. சுமேரியர் வட்டிக்குச் சொன்ன ‘மாஷ்’ என்ற சொல்லுக்கு ஆட்டுக்குட்டி என்றும் பொருள். கிரேக்கரின் ‘தோகோஸ்’ ஈன்ற பிள்ளை. அரிஸ்டாட்டில் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வட்டியைச் சாடினார்: பணம் பணத்தை ஈனுவது எல்லாவற்றையும்விட இயற்கைக்கு மாறானது என்றார். அரபியின் ‘ரிபா’வும் வளர்தல், மேடாதல் என்ற வேரிலிருந்து வந்தது. குர்ஆன் அந்த வேரையே எடுத்து எதிர்ப்பக்கம் திருப்புகிறது: ரிபாவை இறைவன் அழிக்கிறான், தருமத்தை வளர்க்கிறான் என்கிறது. ‘வளர்க்கிறான்’ என்பதற்கு அங்கே வரும் வினை ரிபாவின் வேரிலிருந்தே பிறந்தது. அரபி அறியாதவர்க்கு இந்த நயம் மொழிபெயர்ப்பில் கிடைப்பதில்லை.

தமிழில் ரிபாவை வட்டி என்றே பெயர்க்கிறோம். பெரும்பாலும் அது போதும், ஆனால் முழுதும் போதாது. நபித்தோழர் பிலால் நல்ல பேரீச்சம்பழம் கொண்டுவந்தபோது, மட்டமான பழம் இரண்டு படி கொடுத்து நல்லது ஒரு படி வாங்கியதாகச் சொன்னார். இதுதான் ரிபா என்றார் நபிகள். மட்டமானதை விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் நல்லதை வாங்கு என்றார். இதில் கடனும் இல்லை, தவணையும் இல்லை. நம் ‘வட்டி’யில் இது எப்படி அடங்கும்? பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறும் தம் இனத்தோடு மாறும்போது சம அளவில், கைக்குக் கை மாற வேண்டும் என்பது விதி. தவணை தள்ளத் தள்ளக் கடனைப் பெருக்கியது ரிபாவின் இன்னொரு வகை. இஸ்லாமுக்கு முந்தைய அறியாமைக் காலத்து மெக்காவில் அதுதான் கொடிகட்டிப் பறந்தது. அதை ஒழித்ததாக அறிவித்த இறுதிப் பேருரையில் நபிகள் முதலில் தள்ளுபடி செய்தது தம் சொந்தச் சிற்றப்பா அப்பாஸுக்கு வரவேண்டிய வட்டியை.

வட்டிக்கு மாற்றாக இஸ்லாமியச் சட்டம் வைத்த ‘முளாரபா’வில் ஒருவர் பணம், மற்றவர் உழைப்பு. லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிக்கலாம். நஷ்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழக்கிறார், உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். சாவா மூவாப் பேராட்டுக்கு நேர் எதிர் ஏற்பாடு இது. இன்றைய இஸ்லாமிய வங்கிகளில் அதிகம் ஓடுவதோ ‘முராபஹா’: வங்கி பொருளை வாங்கி, லாபம் சேர்த்து உங்களுக்குத் தவணையில் விற்கும். விமரிசகர்கள் இதை வேடம் மாற்றிய வட்டி என்பார்கள். வங்கி அந்தப் பொருளை ஒரு நாளாவது தன் பொறுப்பில் வைத்திருக்கிறதா என்று கேட்டால் வேடமா அசலா என்று தெரிந்துவிடும். காகிதத்தில் மட்டும் வாங்கி விற்றால் விமரிசகர்கள் சொல்வதே சரி.

இலங்கையில் 2011 முதல் அமானா வங்கி இஸ்லாமிய முறையில் இயங்குகிறது. இந்தியாவில் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-இல் வட்டியில்லா வங்கியைப் பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் முடிவு சொன்னது. தமிழ்நாட்டு ஊர்களில் எஞ்சியிருப்பது ஜமாஅத்துகளின் பொதுநிதியான பைத்துல்மாலும், வட்டியில்லாக் கடனுக்கு ‘அழகிய கடன்’ என்ற அழகான பெயரும்.

நம் பக்கம் வட்டி வேறு திசையில் குட்டி போட்டது. தனிவட்டி, கூட்டுவட்டி எல்லாம் பள்ளிக்கூடத்தோடு சரி. தெருவில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி. கந்துவட்டி என்றால் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தருவது. கன்னடத்தில் தவணைக்கு இன்றும் கந்து என்றே பெயர். மீட்டர் வட்டி ஆட்டோ ரிக்‌ஷாவைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். வண்டி நின்றாலும் மீட்டர் ஓடும். பொலிசையில் நெல்லும் ஆடும் இருந்தன; இந்தப் பெயர்களில் உயிருள்ள எதுவும் இல்லை, ஓட்டம் மட்டும் இருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது.

அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 2003-இல், தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் ஆங்கில வாசகத்திலேயே டெய்லி வட்டி, ஹவர்லி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் சொற்களை அப்படியே எழுதி வரையறுத்திருக்கிறார்கள். மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் ஏட்டில் இருக்க, அவசரத்துக்குப் பத்து வட்டிக்கு வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். பத்து என்று கேட்கும்போது சிறிதாகத்தான் தெரியும். அது மாதக் கணக்கு. ஆண்டுக்கு 120 விழுக்காடு. கைநாட்டு வைக்கும் முன் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்.