கோளி வகைப்பாட்டில் பலா

முன்னுரை

பலா பூவாது காய்க்கும் மரம் என்னும் கருத்து தமிழ் இலக்கியத்தில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. தாவரவியல் நோக்கிலோ பலா பூக்கும் தாவரமே. எனவே அக்கருத்தைப் பிழையென ஒதுக்குவதா, உற்றுநோக்கலின் விளைவெனக் கொள்வதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியச் சான்றுகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை, நகரங்களுள் கச்சி மேம்பட்டு விளங்குவதற்குக் கோளி மரங்களுள் பழத்தால் மேம்பட்ட பலாவை உவமையாக்குகிறது. கோளி என்பது பூவாது காய்க்கும் மரங்களைக் குறிக்கும் பொதுச்சொல். ஆலும் அத்தியும் அதனுள் அடங்கும். பலா அவ்வகையைச் சார்ந்தது என்பதைக் கேட்போர் முன்னரே அறிந்திருந்தாலன்றி இவ்வுவமை சிறவாது. ஆகவே இவ்வகைப்பாடு புலவரின் கற்பனையன்று. அக்காலத்துப் பொது அறிவு எனலாம்.

பழம் தோன்றும் இடத்தையும் சங்கப் புலவர் நுணுகி நோக்கியுள்ளனர். குறுந்தொகை 18ஆம் பாடலில் கபிலர் வேரில் காய்த்த பலாவையும் சிறு கிளையில் தொங்கும் பெரும்பழத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார்.

பிற்காலத்தில் ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலொன்று, சொல்லாமலே செய்யும் பெரியோர்க்குப் பலாவையும், சொல்லிச் செய்வோர்க்கு மாவையும், சொல்லியும் செய்யாதோர்க்குப் பாதிரியையும் ஒப்பிடுகிறது. இங்குத் தாவர வகைப்பாடு அறக்கருத்தாக மாறுகிறது. மனுஸ்மிருதியும் (1:47) பூவின்றிக் காய்ப்பனவற்றை வனஸ்பதி எனத் தனியே பிரிப்பதால், இத்தகைய பகுப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதும் கருதத்தக்கது.

தாவரவியல் விளக்கம்

பலாவின் பெண் மஞ்சரிகள் அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் தோன்றுகின்றன. எனினும் அடிமரத்தில் பூப்பது மட்டுமே இக்கருத்துக்குக் காரணமாகாது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்க மரமும் அடிமரத்தில் பூக்கிறது. அதன் பெரிய வண்ணப் பூக்களை எவரும் காணத் தவறார். பலாவிலோ அல்லிவட்டமற்ற எண்ணற்ற சிறு பூக்கள் நெருங்கித் திரண்டு, தொடக்கத்திலேயே பிஞ்சுபோல் தோற்றமளிக்கின்றன. அத்தியிலும் ஆலிலும் பூக்கள் காய்போன்ற கூட்டினுள் மறைந்துள்ளன. பூவெனக் கண்ணுக்குப் புலப்படாமையே இம்மூன்றுக்கும் பொதுப்பண்பு.

1835இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கோடிச்சோ வரையறுத்த மொரேசி குடும்பத்திலேயே இம்மூன்றும் இன்று இடம்பெறுகின்றன.

முடிவுரை

இப்பொருத்தத்தைக் கொண்டு பண்டைத் தமிழர் இக்காலத் தாவரக் குடும்பப் பகுப்பை அறிந்திருந்தனர் எனல் மிகைக்கூற்று. மகரந்தச் சேர்க்கை பற்றிய அறிவுக்கு இங்குச் சான்றில்லை. ஆயினும் பூவாமை என்பதை ‘பூ புலப்படாமை’ எனக் கொள்ளின், கோளி என்னும் சொல் புறத்தோற்றத்தைத் துல்லியமாக நோக்கி அமைத்த வகைப்பாட்டுச் சொல் என்பது தெளிவாகும். இலக்கியத் தாவரக் குறிப்புகளை இக்கால அறிவியலின் முன்னறிவிப்பாகப் போற்றுவதோ, அறியாமையெனத் தள்ளுவதோ இரண்டும் பொருந்தா. அவற்றை அவை எழுந்த காலத்தின் நோக்குமுறைக்குரிய வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வதே தகும்.