ஒரே குளிசை, வேறு வேறு இதயம்

ஒரே குளிசையை எத்தனையோ பேர் விழுங்குகிறார்கள். கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றும் ஆவதில்லை. எங்கோ ஒருவர் மட்டும் திடீரென மயங்கி விழுகிறார். சிலவேளை எழும்புவதே இல்லை. ஏன் அவருக்கு மட்டும்? இதற்கு விடை காண மருத்துவ உலகுக்குப் பல பத்தாண்டுகள் எடுத்தன. கொஞ்சம் நீளமான பதிவுதான், ஆனால் நம் வீட்டுக்கும் பாடசாலைக்கும் தேவையான கதை.

கதை சிங்கோனா மரப்பட்டையில் தொடங்குகிறது. மலேரியாவுக்குக் குயினைன் தந்த மரம் அது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் நாம் சுற்றுலா போகும் ஹக்கல பூங்கா 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவைப் பயிரிட்டுப் பார்க்கத்தான். 1912இல் டச்சு வியாபாரி ஒருவர், தன் ஒழுங்கற்ற நாடித்துடிப்பு குயினைன் குடித்தால் சரியாகிறது என்று மருத்துவர் வென்கெபாக்கிடம் சொன்னார். 1918இல் ஜேர்மனியின் வால்டர் ஃப்ரே, அதே பட்டையிலுள்ள குயினிடின் இதற்கு இன்னும் நல்லது என்று கண்டார்.

ஆனால் இதயத்துடிப்பைச் சீராக்கக் கொடுத்த அந்த மருந்தே சிலரை மயங்கி விழவைத்தது. 1964இல் செல்சர், ரே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அதை ஆராய்ந்து ‘குயினிடின் மயக்கம்’ என்று எழுதினார்கள். மருந்தின் அளவு கூடியதால் வந்ததல்ல, வழமையான அளவிலேயே இதயம் தறிகெட்டுத் துடித்திருந்தது. 1966இல் பிரான்ஸின் தெசெர்தென், ஈசிஜி கோடு முறுக்கிய நாடா போலத் தெரியும் ஆபத்தான துடிப்பொன்றை விவரித்தார். குயினிடின் நோயாளிகளில் நடந்ததும் பெரும்பாலும் இதுதான் என்று பின்னர் விளங்கியது.

இதே காலத்தில் இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. 1957இல் நோர்வேயில் யெர்வெல், லாங்க நீல்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அடிக்கடி மயக்கமும் வரும். அந்த நால்வரில் மூவர் சிறுவயதிலேயே திடீரென இறந்துபோனார்கள். அவர்கள் எந்த மருந்தும் குடித்து அப்படி ஆகவில்லை. ஈசிஜியில் ‘கியூடி’ எனும் இடைவெளி மட்டும் நீண்டிருந்தது. இதயம் ஒருமுறை துடித்தபின் அடுத்த துடிப்புக்கு மின்சார ரீதியில் தயாராக எடுக்கும் நேரத்தை அது காட்டுகிறது. 1963இல் இத்தாலியின் ரொமானோவும் 1964இல் அயர்லாந்தின் வார்டும், காது நன்றாகக் கேட்கும் குடும்பங்களிலும் இதே குறையைக் கண்டார்கள்.

ஒரு பக்கம் மருந்து குடித்தவர்கள், மறுபக்கம் பிறவியிலேயே குறை உள்ளவர்கள். இருவரின் ஈசிஜியும் ஒரே மாதிரி. இரண்டையும் இணைத்த முடிச்சு 1995இல் அவிழ்ந்தது. அமெரிக்காவின் யூட்டாவில் மார்க் கீட்டிங்கின் குழு, இந்தக் குடும்பங்கள் சிலவற்றில் ‘ஹேர்க்’ என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. ஈதர் மயக்கத்தில் கால்களை ஆட்டிய பழ ஈக்களின் மரபணுவுக்கு ஒரு நடனத்தின் நினைவாக வைத்த பெயரிலிருந்து வந்தது அந்தப் பெயர். இதயக் கலத்திலிருந்து பொட்டாசியம் வெளியேறும் வாசல் ஒன்றை அமைப்பது அந்த மரபணு. குயினிடின் முதல் பல மருந்துகள் அடைப்பதும் அதே வாசலைத்தான்!

அப்படியானால் எல்லோரும் ஏன் விழுவதில்லை? 1998இல் டான் ரோடன் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: இதயத்திடம் கையிருப்பு உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடுவதுபோல, ஒரு வாசல் அடைபட்டால் மற்றவை ஈடுசெய்யும். பிறப்பிலேயே ஜெனரேட்டர் பழுதான வீடு, கரண்ட் இருக்கும்வரை மற்ற வீடுகள் போலத்தான் தெரியும். சாதாரண நாளில் அவருடைய ஈசிஜிகூட சரியாக இருக்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து போன்ற வெளிக் காரணங்களால் கியூடி நீண்ட 188 பேரில் ஏறத்தாழ 28 சதவீதமானோரிடம் நோய் தரும் மரபணு மாற்றம் இருந்தது.

மரபணு மட்டுமே காரணமுமல்ல. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமைக் குளிசை 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைப் பூஞ்சணத்துக்கான கீட்டோகொனசோலுடன் சேர்த்துக் குடித்த 39 வயதுப் பெண்ணின் இதயம் தறிகெட்டதை 1990இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஈரல் முதல் மருந்தை உடைக்க முடியாதபடி இரண்டாவது மருந்து தடுத்துவிட்டது. டெர்ஃபெனடின் பின்னர் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. வயிற்றோட்டத்தால் பொட்டாசியம் குறைந்தாலும் ஆபத்து கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஆபத்து அதிகம்.

மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் கைக்கெட்டாது. ஆனால் குடும்பக் கதை நம் எல்லோரிடமும் இருக்கிறது. “சாச்சா இளம் வயதில் நித்திரையிலேயே மௌத்தானார்”, “ராத்தாவின் மகள் அலாரம் அடித்தாலே மயங்குவாள்” என்று வீட்டில் பேசுவதை டொக்டரிடமும் பாமசியிலும் சொல்வோம். குடிக்கும் எல்லா மருந்துகளின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். பயந்துபோய் மருந்தை நாமாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. பிள்ளை மயங்கினால் “காலையில் சாப்பிடவில்லை” என்று முடித்துவிடுகிறோம். அநேகமாக அதுதான் காரணமாகவும் இருக்கும். ஆனால் ஓடும்போது, நீந்தும்போது, மணி அடித்துத் திடுக்கிடும்போது மயங்கிய பிள்ளைக்கு ஒரு ஈசிஜி எடுக்கும்படி பெற்றோரிடம் சொல்வோம். வலிப்பு என்று நினைத்த சில பிள்ளைகளுக்கு உண்மையில் இருந்தது இதுதான்.